ஒரே சஹனில் ஐரோப்பா

"பாய், ஸ்பெயினைத் தூக்குங்க! உடனே தூக்குங்க!" என்று கத்திக்கொண்டே வந்தான் பரிமாறும் ஐயப்பன்.

மீராசா கடைசிச் சஹனில் ஆட்டுக்கறியை அடுக்கிக்கொண்டிருந்தான். 2004-ஆம் ஆண்டு; துபாய் ஓட்டலில் அன்று ஐரோப்பிய வியாபாரிகளுக்கு விருந்து. கீழக்கரைக் கல்யாணம் மாதிரியே கம்பளம் விரித்து, சஹன் என்னும் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர்; ஒவ்வொருவர் இடத்திலும் அவரவர் நாட்டுக் கொடி. புகார் ஒன்றும் வராவிட்டால் மீராசாவுக்குப் பரிமாறுபவர்களின் கேப்டன் பதவி. அந்தச் சம்பளம் வந்தால்தான் ஊரிலிருக்கும் மனைவி ஆபிதாவுக்கு விசா.

"ஸ்பெயினும் போலந்தும் ஒரே சஹன்னு மேனேஜர் மக்தூம் காக்கா சொன்னாஹளே?"

"மேனேஜருக்கு என்ன தெரியும்? ஐரோப்பாவுக்கே ஒரே அரசியல் சட்டம்னாங்க. அதுல தங்களோட ஓட்டு பலம் குறையுதுன்னு ஸ்பெயினும் போலந்தும் கூட்டு சேர்ந்து போன டிசம்பர்ல அதைக் கவுத்தாங்க. இப்ப ஸ்பெயின்ல ஆட்சி மாறிப்போச்சு பாய்! புது ஆளுங்க, சட்டம் வேணும்ங்கிற ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம். பேப்பர்லயே வந்துருச்சு!"

முறைத்துக்கொண்ட சம்பந்திகளை ஒரே சஹனில் உட்காரவைத்தால் பந்தி என்னவாகும் என்று மீராசாவுக்குத் தெரியும். உள்ளே வந்த ஸ்பெயின் அம்மாளைப் பவ்வியமாக ஜெர்மனி, பிரான்ஸ் சஹனுக்கு அழைத்துப் போனான். அங்கிருந்த இத்தாலிக்காரரைப் போலந்துக்காரரிடம் அனுப்பினான்.

போலந்துக்காரர் சோற்றைத் தொடவில்லை. ஸ்பெயினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டாளி கட்சி மாறிட்டா வலிக்கும்ல பாய்? துணைக்கு பிரிட்டனை வைங்க. அவங்களுக்கும் அந்தச் சட்டம் அவ்வளவா ஆகாது."

பாதி சாப்பாட்டில் எழுப்பப்பட்ட பிரிட்டன்காரர், தன் பங்குத் தொடைக்கறியைக் கையோடு கொண்டுவந்தார். பழைய சஹனில் முணுமுணுப்பு எழுந்தது.

அதற்குள் போலந்துக்காரர் எழுந்து நேராக ஜெர்மனியை நோக்கி நடந்தார்.

"போச்சு, அடிதடிதான்!" என்றான் ஐயப்பன்.

"சார், மட்டன் சார்! வெரி குட் மட்டன்!" மீராசா மோர்க் குடத்தோடு குறுக்கே பாய்ந்தான். மோர் முழுவதும் ஜெர்மனிக்காரர் மடியில்.

ஸ்பெயின் அம்மாள் கைதட்டி மேனேஜரைக் கூப்பிட்டாள். அவரிடம் ஏதோ படபடவென்று சொன்னாள். ஆபிதாவின் விசா விமானம் ஏறாமலே திரும்பிப் போவதை மீராசா கண்ணால் கண்டான்.

மக்தூம் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். தோள்கள் குலுங்கின.

"புகாரெல்லாம் இல்லடா மீராசா. ஒரே ஒரு சந்தேகம்தான் கேக்குறாஹ: ஊர்ல ஆட்சி மாறுனா, கட்டுன புருஷனையுமா மாத்தணும்?"