சித்திரையில் கொட்டிய மழை

அன்பு மருமகள் பாண்டீஸ்வரிக்கு, பரளச்சியிலிருந்து மாமா வீரபத்திரன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

இங்கே உன் அத்தையும் ஆடுகளும் சுகம். நான்தான் டீக்கடைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் தபால்.

நரிக்குடி விவசாயிகள் கூட்டத்துக்கு நம் பக்கத்து மழை அளவைப் படமாகப் போட்டுத் தரும்படி உன் அப்பா கேட்டபோது, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் போடுங்கள் மாமா, ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் தேவைக்கு அதில் வரைபடக் கருவி செய்து பொதுவில் வைத்தார்கள், பின்னால் வந்தவர்கள் செப்பனிட்டார்கள், சி மொழிக்காரர்களுக்கு வேறு வேலை இருந்ததால் அங்கே அந்த அளவுக்கு வளரவில்லை என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். பாலிடெக்னிக்கில் காலமெல்லாம் சி சொல்லிக்கொடுத்தவனுக்கு மருமகள் பாடம் எடுப்பதா என்ற வீம்பில், கோடு போடக் கருவி எதற்குத் தாயி என்று சொல்லிவிட்டு, புள்ளி புள்ளியாக நானே வைத்தேன். என்னிடமுள்ள பழைய சி-யில் திரையின் மேல்விளிம்புதான் பூஜ்யம், எண் கூடக்கூடப் புள்ளி கீழே இறங்கும். வருஷாவருஷம் பிள்ளைகளுக்குச் சொன்ன இதை நானே மறந்துபோனேன். கூட்டத்தில் சுவர் நிறையப் படம் விழுந்தால், ஐப்பசி மழை தரையில் கிடக்கிறது, சித்திரை வானத்தை முட்டுகிறது.

முன்வரிசையிலிருந்த அழகுத்தாய் மெதுவாகத்தான் கேட்டாள்: “ஏண்ணே, சித்திரையில இம்புட்டு மழையா? அப்ப நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு தண்ணி லாரி பின்னால ஓடுனது எதுக்கு?”

அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். கம்ப்யூட்டர் கணக்குத் தப்பாது என்றேன். உன் அப்பா வேறு எழுந்து, “சம்பந்தி படிச்சவுக, அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அதை நம்பிச் சிலர் சித்திரையில் பருத்தி விதைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எனக்கு வேர்த்துவிட்டது. எழுந்து உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை, டீயும் மிக்சரும்கூடத் தந்தார்கள். உன் அப்பா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல், வீரசோழனுக்குப் போகிற பஸ்ஸு இன்னும் வரவில்லையே என்றே பேசிக்கொண்டிருந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீ முன்பே எழுதி அனுப்பியிருந்த பைத்தான் புரோகிராமை ஓடவிட்டேன். சில வரிகளில் மழை நிமிர்ந்து நின்றது. நேற்றே விவசாயிகள் வாட்சப் குழுவில் போட்டுவிட்டேன். உன் அப்பா முகத்தில் நான் பூசிய கரியை அந்தப் படம் துடைத்துவிடும். இனி உன் பேச்சை மீறமாட்டேன்.

கண்மாய் நிறைந்த வருஷம்போல் நீயும் என் மகனும் குறைவில்லாமல் வாழவேண்டும்.

இப்படிக்கு,
வீரபத்திரன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் படத்தை மறுபடி பார்த்தேன். உன் கருவி மாதங்களை அகரவரிசையில் அடுக்கியிருக்கிறது, தாயி. கார்த்திகைக்கு அடுத்துச் சித்திரை நிற்கிறது. உன் அப்பாவைக் கூப்பிட்டால் உன் அம்மாதான் எடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் வைக்க அந்தப் படத்தைப் பிளக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்காக, போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாராம்.