ராகுகாலத்தில் டோக்கன் தராத பூட்டு அண்ணன்

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே பூட்டு அண்ணனைவிடப் பயந்த மனிதர் ஒருவரும் இருந்திருக்க முடியாது, பிள்ளைகளே. சாப்பாட்டு டப்பாவுக்கே பூட்டு போட்டவர். மூடியிருக்கும் கதவைப் பார்த்தாலும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். நிஜப் பெயர் எங்கள் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் நான் அறை புக்கிங் பார்த்தேன். பூட்டு அண்ணன் பின்னறையில் சர்வரைப் பார்த்தார். சர்வர் என்பது எங்கள் வெப்சைட் குடியிருந்த கம்ப்யூட்டர்.

கண்டவன் எல்லாம் உள்ளே வந்து அறைகளை விற்றுவிடுவான் என்று பயந்து, அவர் ஓர் ஏற்பாடு செய்தார். முதலில் பேரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். சர்வர் சரிபார்த்து ஒரு டோக்கன் தரும். அப்புறம் பாஸ்வேர்டு கேட்காது, டோக்கனைப் பார்த்தே உள்ளே விடும். ஆஸ்பத்திரியில் பேரைச் சொல்லிச் சீட்டு வாங்கிவிட்டால், பிறகு சீட்டைக் காட்டினால் போதும் இல்லையா, அதுபோல. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் உள்ளே போகலாம். அதனாலேயே, தன் டோக்கனில் இன்னொருவரை வேலை செய்ய விட்டால் விட்டவருக்கு வேலை போகும் என்று முதலாளியிடம் சொல்லிச் சட்டமே போட வைத்தார்.

அதோடு விட்டாரா? கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் இருந்தால் டோக்கன் செத்துப்போகும்படி செய்தார். டீ ஆறுவதற்குள் செத்துவிடும். ஒரு வெளிநாட்டு அம்மாவுக்குக் கடற்கரைக்கு வழி சொல்லிவிட்டு வருவதற்குள் என் டோக்கன் செத்து, ஒரு புக்கிங் கைநழுவியது. இன்னொன்று போனால் நீயும் போய்விடு என்றார் முதலாளி. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கருங்குழியிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா போன் செய்தார். கல்யாணத்துக்கு விடுதி முழுவதும் வேண்டுமாம். அதே அறைகளைச் சென்னை ஏஜெண்டுகளும் விற்றுக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் யார் முந்திப் போடுகிறார்களோ அவர்களுக்குத்தான். லைனில் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், டோக்கன் செத்திருந்தது. பாஸ்வேர்டு கொடுத்தேன். "சற்றுப் பொறுக்கவும். நேரம் சரியில்லை" என்று திரையில் வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே.

பின்னறைக்கு ஓடினேன்.

"மணி இன்னா?" என்றார் பூட்டு அண்ணன்.

பத்தே முக்கால் என்றேன்.

"வெள்ளிக்கெழம பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகுகாலம். புது டோக்கன் தராது, நைனா. அப்டித்தான் எழுதி வச்சிகீறேன். பழைய டோக்கன் வச்சிகினு கீறவனுக்கு ஒண்ணும் இல்ல."

"சர்வருக்கு இன்னா அண்ணாத்த ராகுகாலம்?"

"ராகுகாலத்துல மொபெட் வாங்குனேன். நேரா பக்கிங்காம் கால்வாய்ல எறங்கிச்சி. அதுக்கு மட்டும் ராகுகாலம் தெரிஞ்சா எறங்கிச்சி?"

அந்த ராகுகாலச் சட்டத்தை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அழிப்பதும் புதுசாகத் தொடங்குகிற வேலைதான் என்றார். பேசும்போதே அவர் விரல் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தது. காலையில் எடுத்த தன் டோக்கன் செத்துவிடாமல் காப்பாற்றுகிறாராம். அதற்காக வெள்ளிக்கிழமைகளில் அவர் பாத்ரூம்கூடப் போகமாட்டார்.

நான் அழவில்லை. ஆனால் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"வூட்டம்மாவுக்கு எத்தினி மாசம்?"

"எட்டு."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. எழுந்தார். அந்த நாற்காலியில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"குந்து. என் டோக்கன் நல்ல நேரத்துல எடுத்தது. சீக்கிரம் போடு. நான் பாக்கல."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் ஒவ்வோர் அறையாகப் போடப் போட, ஆச்சா, ஆச்சா என்று சுவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி அறையும் ஏறியது. லைனில் காத்திருந்தவரிடம் சொல்லிவிட்டு வந்து பார்த்தால், பூட்டு அண்ணன் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் முதலாளி வந்தார். கல்யாண புக்கிங் பூட்டு அண்ணன் பெயரில் இருந்தது. டோக்கனை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார்.

"நான்தான் போட்டேன்," என்றார் பூட்டு அண்ணன். சர்வர் பார்ப்பவனுக்கு அறை விற்கிற வேலை எதற்கு என்று முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர், அதை மட்டும் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பூட்டு அண்ணன் வீட்டுக்குப் போகச் சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறினார். நானும் கூடவே ஏறி, அவர் இறங்கும்வரை பேசிக்கொண்டு போனேன். என் வீடோ வேறு திசையில், செங்கல்பட்டுப் பக்கம்.