இருபத்தெட்டாவது தட்டு

கணக்குப் படித்தவர்களிடம் எண்ணுகிற வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. என் அண்ணனின் நிச்சயதார்த்தத்துக்குச் சீர்த்தட்டு எண்ணும் பொறுப்பை எம்.எஸ்ஸி. முதல் வருடக்காரியான என்னிடம் அம்மா கொடுத்தாள். (அம்மாவுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. பாவம்.)

தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். அம்மா இருபத்தேழு அடுக்கியிருந்தாள். எனக்கோ அந்த வாரம்தான் வகுப்பில் நிறைவெண் நடத்தியிருந்தார்கள். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும், அதைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் அதே எண் வர வேண்டும். 1, 2, 4, 7, 14 கூட்டினால் 28. நிச்சயத்துக்கு இதைவிட மங்களமான எண் உண்டா? தச்சநல்லூரில் வேன் கிளம்பும் முன் கருப்பட்டி மிட்டாய்த் தட்டு ஒன்றை யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிட்டேன்.

அம்பாசமுத்திரத்தில் பெண் வீட்டு வாசலில் பெண்ணின் தாய்மாமா நின்றார். அரிசிக்கடை வைத்திருப்பவர், ஊருக்கே அண்ணாச்சி. ஒவ்வொரு தட்டையும் தொட்டுத் தொட்டு எண்ணியவர், "இருவத்தெட்டு" என்று நிறுத்தினார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நாலு வருடம் ஜாதகம் பொருந்தாமல் அலைந்து கிடைத்த சம்பந்தம். அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு தட்டைத் திருப்பி எடுக்கலாம் என்றால், வாசலுக்கு வந்த சீரைத் திருப்பக் கூடாதாம். கூட ஒன்று வைக்கலாமென்றால் எங்களிடம் எதுவும் இல்லை. ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது என்று சொல்லியிருந்தால் யாராவது மன்னித்திருப்பார்கள். நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நிறைவெண்ணை விளக்கினேன்.

அண்ணாச்சி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சரி தாயி. ஒத்தப்படையில அந்த மாதிரி ஒண்ணு சொல்லு. அதுக்கு மாத்திருவோம்."

"அப்படி ஒண்ண இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கல மாமா."

"அப்ப இல்லன்னு சொல்லுதியா?"

"இல்லன்னும் யாரும் நிரூபிக்கல."

"ரெண்டும் தெரியாமயா தட்டத் தூக்கிட்டு வந்த?"

எனக்கு அப்படியே தாமிரபரணியில் குதித்துவிடலாம் போலிருந்தது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மதினியாகப் போகிறவளின் குரல் கேட்டது. "மாமா, அந்த நோட்டையும் ஒரு தட்டுல வச்சா இருவத்தொம்பது ஆயிரும்லா."

அடுக்களையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டு வந்தது. நோட்டுக்குக் குங்குமம் வைத்தார்கள். நிச்சயம் நடந்தது. (இருபத்தொன்பது பகா எண் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப் போயிருந்தது.)

அத்துடன் முடிந்திருந்தால் பரவாயில்லை. அண்ணாச்சி அந்த நோட்டைத் திருப்பித் தரவேயில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஒற்றைப்படை எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கிறார். எல்லாமே கூட்டினால் குறைவாகத்தான் வந்ததாம். வருடங்கள் ஓடி, நானே கல்லூரி ஆசிரியையாகிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருநாள் போன்.

"தாயி, தொள்ளாயிரத்து நாப்பத்தஞ்சுல முப்பது கூடிப் போச்சு. முதல்ல குறையா வந்துச்சு, இப்ப கூடுதலா வருது. அப்ப நடுவுல சரியா ஒண்ணு இல்லாமலா இருக்கும்? கெடைக்கட்டும். ஒன் மவ நிச்சயத்துக்கு அத்தன தட்டு வச்சிருவோம்."

எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், "அண்ணாச்சிக்குக் கெடைச்சிட்டா?" என்பதுதான் முதல் கேள்வி. அண்ணாச்சி கடையை மறந்து கணக்குப் போடுவதற்கு நானே காரணம் என்று அவருடைய மாமியார் திட்டுகிறாளாம்.

அப்படி ஓர் எண் இருந்தால், அதை எழுதவே ஆயிரத்து ஐந்நூறு இலக்கங்களுக்கு மேல் வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நிரூபித்திருக்கிறார்கள். இதை அண்ணாச்சியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. கணக்கு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க இப்போதுதான் பழகியிருக்கிறேன்.