உப்புப் பாத்தியில் நான் நடத்திய மூளைப் பாடம்

எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. அதைக் குறை என்று இன்றுவரை நான் ஒப்புக்கொண்டதும் இல்லை. அப்போது மரக்காணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஊரார் காகிதங்களைப் படித்துப் படித்து, எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்ற நினைப்பு வேறு.

என் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தலைவலிக்காக ஒரு ஸ்கேன் எடுத்தோம். கழுத்தின் பின்பக்கமாக மூளைக்கு ஏறும் இரண்டு ரத்தக்குழாய்களில் இடது பக்கத்துக் குழாய் சன்னமாக இருந்தது.

"பிறவியிலேயே அப்படிம்மா. நிறைய பேருக்கு இருக்குது, நோயே இல்ல. வலது பக்கம் ஈடுகட்டிடும்" என்றார் டாக்டர். தலைவலிக்குக் கண்ணாடி போடச் சொன்னார்.

"யாராண்டயும் மூச்சு விடாத" என்றாள் அம்மா. (விடாமல் இருந்தேனா?) அன்றைக்கே மாப்பிள்ளை முருகனிடம் போனில் சொன்னேன். அவர் தன் அம்மாவிடம் சொன்னார். மறுநாள் தரகர் வந்துவிட்டார்.

"ஜாதகத்தப் பாத்தோம், மூளையப் பாக்காம விட்டுட்டோமேன்னு வருத்தப்படுறாங்க. நிச்சயத்தத் தள்ளி வெக்கலாமாம்."

தள்ளி வைப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முருகனை எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றுமில்லாத ஒன்றுக்காக ஒதுக்கப்படுவது அறவே பிடிக்கவில்லை. ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு நேராக முருகன் வீட்டாரின் உப்பளத்துக்குப் போனேன்.

வரப்பில் நின்றிருந்த முருகனின் அம்மா படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இதுல எனக்கு என்னாம்மா தெரியும்?"

சரி, அவருக்குத் தெரிந்ததை வைத்தே விளக்குவோம் என்று முடிவு செய்தேன். பக்கத்துப் பாத்திக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் இருந்தது. "பாருங்க அத்தை, இது என் இடது குழாய்" என்று இடது மடையை விரலால் லேசாகக் கீறிவிட்டேன். "இது வலது" என்று மற்ற மடையைக் காலால் உடைத்தேன். "தண்ணி வருதா?"

ஆறாக வந்தது. அது மறுநாள் வாருவதற்காக உப்பு விளைந்து நின்ற பாத்தி என்பதோ, வாய்க்காலில் இருந்தது வெயிலில் இன்னும் சரியாகக் காய்ந்து உப்பேறாத தண்ணீர் என்பதோ எனக்குத் தெரியாது. (உப்பு விளைவதைப் பற்றி யாரும் ஜெராக்ஸ் எடுக்க வந்ததில்லை.)

"ஐயோ, உப்பு கரையுது! மடைய மூடும்மா!"

"இருங்க அத்தை, இன்னும் முடிக்கல!"

பிறகுதான் உறைத்தது. மூடப் போனவள் வழுக்கிப் பாத்திக்குள்ளேயே உட்கார்ந்தேன். முருகன் மண்வெட்டியோடு ஓடிவந்து அடைப்பதற்குள் பாத்தி முழுக்கக் கலங்கிவிட்டது.

எழுந்து நின்றேன். "உப்பக் கரைச்சது தப்புங்க, மன்னிச்சிடுங்க. நாளைக்கே வந்து வேலை செஞ்சு குடுக்குறேன். ஆனா ஒரு பக்கம் சன்னமா இருந்தும் தண்ணி வந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

அத்தை என்னையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "வந்துச்சு. நல்லாவே வந்துச்சு" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "டேய், நாள மாத்த வேணான்னு தரகராண்ட சொல்லிடு" என்றார்.

என் வாதத்தில் பிழையில்லை என்றே இப்போதும் சொல்கிறேன். பாத்தியைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்:

"என் மருமவளுக்கு மூளைக்குப் போற குழா ஒண்ணு சன்னம்ங்க. அதுக்கே ஒரு பாத்தி போச்சு. ரெண்டும் பெருசா இருந்திருந்தா மரக்காணத்துல உப்பே இருந்திருக்காது."