வீங்கிய உதட்டோடு ஒரு மீன் பாடம்

பிடிவாதத்துக்கும் அறிவுக்கும் உள்ள வித்தியாசம் இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்தில் கரவெட்டிப் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில், கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதரின் மீசை வீங்கியிருக்காது. (வீங்கியது மீசைக்குக் கீழே இருந்த உதடுதான். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் மீசை என்றே சொன்னார்கள்.)

அங்கே நான் தற்காலிக விஞ்ஞான ஆசிரியை. பாடசாலைகளைச் சோதிக்க வரும் வித்தியாதரிசி என் பாடத்தைப் பார்த்து நல்லது என்று எழுதினால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உரும்பிராய்க்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே ஐயா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். பையனில் ஒரு குறையும் இல்லை. மருமகள் வேலைக்குப் போவது அந்த வீட்டுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

வித்தியாதரிசி செவ்வாய்க்கிழமை பார்க்கவிருந்த பாடம், மீன்கள். எங்களிடமிருந்த ஒரே ஆங்கிலப் புத்தகத்தில் குளிர்நாட்டு மீன்கள்தான் இருந்தன. பருத்தித்துறைக் கடல் பக்கத்திலேயே கிடக்க, பிள்ளைகள் பிறந்த நாள் முதல் காணாத ஒரு மீனைக் கரும்பலகையில் கீறிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. உயிருள்ள மீனையே கொண்டுவந்து வைப்பது என்று முடிவெடுத்தேன். அதுவும் சும்மா மீன் அல்ல. பவளம் வளர்ந்து கட்டிய முருகைக்கற்பாறைகளில் கடற்சாமந்தி என்று ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் பூ மாதிரி. அதன் இதழ்களெல்லாம் கொட்டும் நஞ்சுக் கைகள். அந்தக் கைகளுக்குள்ளேயே பெருவிரல் நீளத்தில், செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட ஒரு மீன் குடியிருக்கும். மேலே பூசியிருக்கும் வழுவழுப்பு அதைக் காப்பாற்றும். பெரிய மீன்கள் துரத்தி வந்தால் வீட்டுக்குள் புகுந்துவிடும். இதைவிட நல்ல பாடம் உலகத்தில் இல்லை என்று நான் நம்பினேன். (இப்போதும் நம்புகிறேன். நடத்திய விதம்தான் பிழை.)

பருத்தித்துறையிலிருந்து பனையோலைக் கடகத்தில் மீன் கொண்டுவந்து எங்கள் ஒழுங்கையில் விற்கும் செபமாலை அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"உது கறிக்கு ஆகாது ரீச்சர்," என்றாள்.

"கறிக்கில்லை அக்கா. படிப்பிக்க."

"மீனுக்கோ?"

"பிள்ளையளுக்கு."

கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள். பிறகு, "திங்கட்கிழமை மத்தியானம் தண்ணி வத்தும். வாங்கோ," என்றாள்.

லீவு எடுத்துக்கொண்டு போனேன். வெங்காயத் தோட்டத்துக்குள் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் தூரத்தில் நின்று பார்க்கும் சாமான். சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, வழுக்கும் கல்லில் இரண்டு தரம் விழுந்து, மூன்றாம் தரம் விழுந்த இடத்தில் சாமந்தியைக் கண்டேன். தேங்காயளவு கல்லொன்றில் அது விரிந்திருந்தது. உள்ளே ஒரு பெரிய மீனும் ஒரு சின்ன மீனும்.

"கை வையாதேங்கோ, சொறியும்," என்று கத்தினாள் செபமாலை அக்கா.

"மனிசரை ஒண்டும் செய்யாதெண்டு புத்தகத்தில கிடக்கு அக்கா."

"புத்தகம் எழுதினவர் இஞ்ச வந்தவரோ?"

அவர் வரவில்லை. அவர் தன் நாட்டுச் சாமந்தியைப் பற்றி எழுதியிருந்தார். அந்த யோசனை எனக்கு வரவில்லை. இரும்பு அலவாங்கால் கல்லை நெம்பிவிட்டு இரண்டு கையாலும் தூக்கினேன். பெரிய மீன் வீட்டை விட்டு ஓடாமல் வந்து என் விரலைக் கடித்தது. உள்ளங்கையில் எரிவில்லை. புத்தகம் சொன்னது சரிதான் என்று செபமாலை அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அதே கையால் முகத்து வியர்வையைத் துடைத்தேன்.

உள்ளங்கைத் தோல் தடிப்பு. முகத்துத் தோல் அப்படி அல்ல. கல்லையும் மீன்களையும் கடல்தண்ணீரோடு போட்ட வாளியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போதே எரியத் தொடங்கிவிட்டது. விடிய எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு கண் திறந்திருந்தது.

தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, "நீர் போய்ப் படும். பாடத்தை நான் பார்க்கிறன்," என்றார்.

"இல்லை அம்மா, நான்தான் நடத்துவன்," என்றேன். அந்த உதட்டில் அது "நாந்தா நலத்துவ" என்று வந்தது.

வித்தியாதரிசி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேசையில் கண்ணாடித் தொட்டி. செபமாலை அக்கா காலையில் கொண்டுவந்து தந்த புதுக் கடல்தண்ணீர். எல்லாம் சரி, சாமந்திதான் விரியவில்லை. கைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு அவித்த கிழங்கு மாதிரிக் கிடந்தது. மீன்கள் இரண்டும் கல்லுக்குப் பின்னால். அரை மணி நேரம் அந்தக் கிழங்கைக் காட்டியே பாடம் நடத்தினேன். வழுவழுப்பு, நஞ்சு, முட்டையைச் செட்டையால் விசிறிக் காக்கும் அழகு என்று ஒன்றையும் விடவில்லை. "பவளம்" என்ற சொல்லை மூன்று தரம் முயன்றுவிட்டுக் கரும்பலகையில் எழுதினேன்.

பிறகு சாமந்தி மெல்ல விரிந்தது. மீன்கள் வந்து அதற்குள் முழுகின. பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். வித்தியாதரிசியும் எழும்பிக் கிட்ட வந்தார்.

"தொட்டால் ஒன்றும் செய்யாதோ?"

"மனிசரை ஒண்டும் செய்யாது, சேர்."

என் முகத்தைப் பார்த்தார். "அப்ப, உமக்கு என்ன நடந்தது?"

"பல்வலி, சேர்."

இன்றுவரை அந்தப் பொய்க்கு என்னிடம் நியாயம் இல்லை. பாடம் இவ்வளவு நன்றாகப் போகிறதே, ஒரு உதட்டுக்காக விடுவதா என்று நினைத்தேன். அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டு, சாமந்தியை மெல்லத் தடவி, பிள்ளைகளைப் பார்த்து முறுவலித்தார். கையை வெளியே எடுத்தார். அவருக்கு மீசையை நீவிவிடுகிற பழக்கம் இருந்தது.

"சேர்..." என்றேன். அதற்குள் இரண்டு பக்கமும் நீவியாகிவிட்டது.

பாடசாலை விடுதிச் சமையலறைக்கு ஓடி, நஞ்சை முறிக்க, ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரிப் போத்தலை எடுத்துவந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து அதில் நனைத்து மீசையில் வைத்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. இனிப் போவது போகட்டும் என்று பிள்ளைகளின் பக்கம் திரும்பினேன்.

"நான் முந்திச் சொன்னது பிழை. எங்கட கடல் சாமந்தி மனிசரையும் கொட்டும். எனக்கு வந்தது பல்வலி இல்லை. கொப்பியில வெட்டிப்போட்டு, இப்ப சொல்லுறதை எழுதுங்கோ."

எழுதினார்கள். வித்தியாதரிசி எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். மணி அடிக்கும்வரை லேஞ்சியும் மீசையுமாக இருந்து கேட்டார். போகும்போது, "திருத்தினது நல்லது. இனி உயிரோட ஒண்டையும் வகுப்புக்குக் கொண்டுவராதேயும்," என்றார். வேலை நிரந்தரமானது. மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்த்தார்கள். பாடம் முடிந்த அன்றைக்கே செபமாலை அக்கா வாளியைக் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே கல்லை வைத்துவிட்டு, "வீட்டுக்காரர் ரெண்டு பேரும் சுகம்," என்று மறுநாள் வந்து சொன்னாள்.

பிறகு நான் கணக்கு வாத்தியார் ஒருவரைக் கலியாணம் செய்தேன். பல வருடங்கள் கழித்து, அன்று அந்த வகுப்பிலிருந்து மேலே படித்த ஒருத்தி கடிதம் போட்டிருந்தாள். அந்த மீன்களில் பெரியதுதான் பெண்ணாம், வீட்டில் அதிகாரமும் அதுக்குத்தானாம், அது செத்துப்போனால் புருஷன் மெல்லப் பெண்ணாக மாறி அந்த இடத்துக்கு வருமாம். சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தேன். என் கணவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் முழுவதையும் கேட்டார்.

அன்று தொடங்கியது. நான் எந்த ஊருக்குப் போக வெளிக்கிட்டாலும் அவர் வாசல் படலை வரை கூட வருவார். பெட்டியைக் கையில் தருவார்.

"இஞ்சேரும், கவனமாய்ப் போட்டு வாரும். இந்த வயதிலை எனக்குப் பெண்ணாய் மாறேலாது."