மேடு ஏறாத இன்ஜினுக்கு நன்றி

பேரன்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், இன்ஜின் ஆகிய நால்வரும் நலம். அங்கே அத்தையும் புது லாரியும் நலம்தானே?

"இது இனிமே மேடு ஏறாது மாப்ளே, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று உங்கள் பழைய லாரி இன்ஜினை இரும்பு விலைக்கே அப்பாவுக்குக் கொடுத்தீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்பா அதைப் புதுப்பித்து, டர்போ மாட்டி, ஜீப்பில் ஏற்றி, சேற்று மேட்டுப் பந்தயத்தில் ஓட்டப்போவதாகச் சொன்னார். அம்மாவோ, "ரெண்டு மாசமா ஷெட்டை இது அடைச்சிக்கிட்டு, என் ஸ்கூட்டர் மழையில நனையுது. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல இது ஓடலன்னா திங்கக்கிழமை பழைய இரும்புக்காரர் வருவாரு, பாத்துக்கங்க!" என்று கெடு வைத்துவிட்டார்.

அப்பா பிரித்தார், நான் துடைத்தேன். அதில் பிஸ்டனைத் தாங்கும் ராடு ஆறு, ஒவ்வொரு ராடின் அடியிலும் கவ்விக்கொள்ளும் கேப் ஆறு. நான் பள்ளி நூலகத்தில் புத்தகம் அடுக்குபவள் அல்லவா, அந்தப் பழக்கத்தில் ராடுகளை ஒரு தட்டிலும் கேப்களை இன்னொரு தட்டிலும் அழகாக அடுக்கிவிட்டேன். அதைப் பார்த்த அப்பாவின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. "எதுக்கு எது ஜோடின்னு இப்ப எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? மாறிப்போனா இன்ஜின் உக்காந்துடுமே!" எனக்கு அழுகை முட்டியது. ஆனால் எழுத்தோ எண்ணோ எங்கே இருந்தாலும் படித்துக் குறித்துவைப்பது என் வழக்கம். கரிக்கு அடியில் பொடி எழுத்தில் பொறித்திருந்த எண்களை, ஜோடியைப் பிரிக்கும் முன்பே நோட்டில் எழுதியிருந்தேன். ஒரே எண் உள்ளவைதான் ஜோடி என்று அப்பா கண்ணாடி போட்டுப் படித்தார்; ஆனால் பிரிக்கும் முன் மாட்டியிருந்ததோ மூன்றாம் ராடில் நான்காம் கேப், நான்காம் ராடில் மூன்றாம் கேப். அப்படியே தரையில் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "'நானே என் கையால பிரிச்சு மாட்டினேன்'னு உங்கண்ணன் எல்லார்கிட்டயும் சொன்னாரே, அது இதுதான்!"

"எங்கண்ணனைச் சொல்லலன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே" என்றார் அம்மா.

லேத்துக்காரர் தேய்மானத்தைச் சரிசெய்து தர, கேப்கள் தத்தம் ராடுகளைச் சேர்ந்தன. சனிக்கிழமை இன்ஜின் முதல்முறை உறுமியபோது பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் கறுத்தன. ஞாயிறன்று எட்டு வண்டிகளில் நாங்கள் இரண்டாவது! அம்மா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார் (அத்தையிடம் சொல்லவேண்டாம்). யோசித்துப் பாருங்கள் மாமா, நீங்கள் கேப்பை மாற்றிப் போடாமல் இருந்திருந்தால் உங்கள் லாரி மேடு ஏறியிருக்கும், நீங்களும் இன்ஜினை விற்றிருக்கமாட்டீர்கள். உங்கள் தவறுக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கங்கள். புது லாரி எல்லா மேடும் ஏற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மருமகள்

பி.கு.: அப்பா இப்போதுதான் இதைப் படித்தார். "ஐயோ, இதையெல்லாம் ஏம்மா எழுதின? மச்சான் நாளைக்கே வந்து இன்ஜினைத் திருப்பிக் கேப்பாரு!" என்று, கேப் பற்றிய வரிகளை எல்லாம் அடித்துவிடச் சொன்னார். கடிதத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது எங்கள் டீச்சரின் கட்டளை. ஆகவே அந்த வரிகளைத் தயவுசெய்து நீங்களே படிக்காமல் விட்டுவிடவும். ஏற்கெனவே படித்துவிட்டீர்கள் என்றால், இன்ஜின் இன்னும் மேடு ஏறவில்லை.