புகை நின்ற விபரம் சம்பந்திக்கு

முல்லைத்தீவு,
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்புக்குரிய சம்பந்தி செபமாலை அண்ணருக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் மனைவி புனிதமும் மகள் யூலியானாவும் சுகம். உங்கள் வீட்டாரின் சுகத்துக்கும் மாதாவை மன்றாடுகிறோம். எல்லாவற்றிலும் பெரிய செய்தி, காரும் சுகம்! நீங்கள் என் போனை எடுக்காதபடியால் பக்கத்து வீட்டு றெஜியிடம் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் நிற்க, "உந்தப் புகைக் காரிலை வந்து இறங்கினால் மருமகளின்ரை வெள்ளை உடுப்பு என்னத்துக்கு ஆகும்? நான் வான் அனுப்புறன்" என்று சொன்னீர்களே, எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. எனக்கிருப்பது ஒரே மகள். நாளைக்குக் கல்யாணத்துக்கு அவளை என் காரில் நானே ஓட்டிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்க வேண்டும், அண்ணர். வேறு ஆசையே எனக்கில்லை. தயவுசெய்து வானை நிறுத்துங்கள்.

நடந்தது இதுதான். காரின் எஞ்சினுக்குப் பெற்றோல் இழுக்கிற பழைய பம் செத்துப்போக, முள்ளியவளைக் கராஜ்காரக் கிருபன் புதியது பூட்டினான். கார் ஒரே அடியில் ஸ்டார்ட், ஆனால் பின்னால் புகையோ புகை, வளவுக்குள் நின்ற கோழிகளைக் காணோம். கிருபன் பிளக்கைக் கழற்றினால் கரி. "அண்ணை, புதுப் பம் பெற்றோலைக் கூடத் தள்ளுது, காத்துக் காணாது, கலவை பிழை" என்று, காற்றையும் பெற்றோலையும் கலக்கிற காபரேற்றரின் திருகாணியை இறுக்கினான், எஞ்சின் இருமி இருமி நின்றது, தளர்த்தினான், திரும்பவும் புகை. எங்கள் மீன்பிடித் துறையில் வள்ள எஞ்சின் கழற்றாத ஆம்பிளை உண்டா, ஆளுக்கொரு குறட்டோடு வந்துவிட்டார்கள், ஒருவர் காற்று வடிகட்டியைக் கழுவச் சொல்ல, இன்னொருவர் அதைக் கழற்றி எறியச் சொல்ல, றெஜி எஞ்சினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு "இதுக்கு நெஞ்சுச் சளி" என்றான். கிருபன் பெற்றோலை வடித்து, பிளக்கைத் துடைத்து, எல்லாம் சரியாக்கிவிட்டுப் போவான், நான் புதிதாகப் பெற்றோல் விட்டு எடுத்தால் திரும்பவும் புகை. "பிளக் கறுப்பு, புகை நீலம், இது என்ன வருத்தமெண்டு எனக்கு விளங்கேல்லை" என்று அவன் தலையில் கைவைத்துக் குந்திவிட்டான்.

நேற்று அவன் பார்த்துக்கொண்டிருக்கவே நான் பெற்றோல் கானுக்குள் வழக்கம்போல எண்ணெயையும் விட்டுக் குலுக்கினேன். பாய்ந்து வந்து கையைப் பிடித்தான்.

"அண்ணை, என்ன விடுறியள்?"

"எண்ணெய்தான். வள்ளத்துக்கு விடுறதெல்லே. புதுப் பம், பாவம், தேயாமல் இருக்கட்டும்."

"ஐயோ, இது கார் அண்ணை! பெற்றோலோடை எண்ணெய் கலக்கிறது வள்ள எஞ்சினுக்குத்தான். எப்ப தொட்டு விடுறியள்?"

"நீ பூட்டின நாள் தொட்டு."

குசினிக்குள் இருந்து புனிதம் வந்தா. "ஊரையே கூட்டி வருத்தம் பாத்தது, நஞ்சு குடுத்தவர் பக்கத்திலையே நிண்டிருக்கிறார்!" அதற்குமேல் அவா சொன்னதைச் சம்பந்திக்கு எழுத முடியாது.

பிறகென்ன, டாங்கை வடித்தோம், கழுவினோம், திருகாணியை இருந்த இடத்துக்கே கொண்டுவந்தோம். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினால், அண்ணர், பிஸ்கற் நிறம்! கலவை திறம் என்று கிருபன் துள்ளினான். பிளக் கைக்குக் கை மாறியது. புனிதம் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் புகைக்குழாய்க்குப் பின்னால் பிடிக்க, நான் உறும விட்டேன், ஒரு பொட்டுக் கரி இல்லை! யூலியானா ஓடிவந்து, "அப்பா, நான் உங்கடை காரிலைதான் போவன்" என்றாள். நான் அழுதுவிட்டேன், அதை எழுத எனக்கு வெட்கமில்லை. அந்த உற்சாகத்திலேயே எண்ணெய்ப் போத்தல்களை அள்ளி ஒளித்து, கான் எல்லாவற்றையும் கழுவி, சுத்தப் பெற்றோல் நிரப்பி வைத்துவிட்டேன்.

ஆகவே நாளை எங்களைப் புகையில்லாமல் எதிர்பாருங்கள். உங்கள் வீட்டார் எல்லோருக்கும் எங்கள் அன்பும், சின்னவர்களுக்கு ஆசீர்வாதமும்.

இப்படிக்கு,
மகிழ்ச்சியில் மிதக்கும் உங்கள் சம்பந்தி,
அந்தோனிமுத்து

பி.கு.: உங்கள் மகன் துசியந்தன் விடியவே இங்கு வந்து, விருந்துக்கு நண்டு பிடிக்கிறேன் என்று என் வள்ளத்தை எடுத்துப் போனார். நாளைக்கு மாப்பிள்ளை, மறிக்க எனக்கு மனம் வரவில்லை. கழுவி நிரப்பிய கானில் ஒன்றைத்தான் கொண்டுபோயிருக்கிறார். எண்ணெய் கலக்காத பெற்றோலில் வள்ள எஞ்சின் இறுகிவிட்டதாம், களப்புத் தண்ணீருக்கு நடுவில் நிற்கிறேன் என்று யூலியானாவுக்கு இப்போதுதான் போன் எடுத்தார். உங்கள் கரைதான் கிட்டவாம், ஆனால் உங்களுக்குப் போன் எடுக்கப் பயமாம். கார் ஆயத்தம், பொம்பிளையும் ஆயத்தம். வான் வேண்டாம் அண்ணர், கயிற்றோடு உடனே ஒரு வள்ளம் அனுப்புங்கள்.